விருந்தாளிகள் விடைபெறும் வேளை

மாசியும் பங்குனியும் வந்துவிட்டால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குப் பொதுத்தேர்வைத் தவிர வேறு நினைவே இராது. அதே மாதங்களில் நம் ஊர்ப்புறத்தில் இன்னொரு கூட்டமும் ஒரு பெரிய சோதனைக்கு ஆயத்தமாகிறது. அதுதான் வலசைப் பறவைக் கூட்டம்.

குளிர் நாடுகளில் வசந்தம் பிறந்தால் பறவைகள் வந்து சேரும். நமக்கோ அது அவை விடைபெறும் காலம். புரட்டாசி, ஐப்பசியில் வந்து, மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் நம்மோடு கழித்துவிட்டு, மாசிக் கடைசியில் ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்குகின்றன. இது நம் முன்னோர் அறிந்த செய்தியே. குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத்தான் சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது விட்டார்.

இங்கேயே தங்கிவிட்டால் என்ன? வடக்கே பனி உருகும்போது பகல் நீள்கிறது, பூச்சிகள் பெருகுகின்றன. குஞ்சுகளை வளர்க்க அதைவிடத் தக்க இடம் ஏது? சூரியனும் விண்மீன்களும் பூமியின் காந்த சக்தியும் அவற்றுக்கு வழி காட்டுகின்றன என்பர் அறிஞர்.

இவற்றைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது குடுகுடுவென்று ஓடிப் புழு பொறுக்கும் உப்புக்கொத்திகளைப் பாருங்கள். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். வடக்கே வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்துள்ள கழுவேலிக்குப் போனால் ஊசிவால் வாத்துகளையும் கருவால் மூக்கன்களையும் காணலாம். கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது.

பயணம் நெருங்குவதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, நிறம். பனிக்காலம் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் இருந்த கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் கொள்ளும். இரண்டாவது, கூட்டம். தனித்தனியே திரிந்தவை ஒன்றுகூடும். மூன்றாவது, பசி. ஓயாமல் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும்.

அந்தக் கொழுப்புதான் அவற்றின் கட்டுச்சோறு! கொசு உள்ளான் என்னும் பறவையின் எடை சுமார் 25 கிராம். அது வடதுருவத்தை ஒட்டிய நிலங்கள் வரை போக வேண்டும். 2022-ல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்தது. அதற்கு அப்போது வயது ஐந்தே மாதம்!

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது உறவினர் ஒருவர் கண்ணியில் பிடித்த உள்ளான்களைக் கொண்டுவந்தார். "மாசி உள்ளான், நல்ல கொழுப்பு" என்று ஆயா குழம்பு வைத்தார். நானும் கேட்டு வாங்கித் தின்றேன். அது எதற்காகச் சேர்த்த கொழுப்பு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அதை ஆயாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஊருக்குக் கிளம்பினவங்க மூட்டையை அவிழ்த்துட்டோமே" என்றார். அதன்பின் எங்கள் வீட்டில் உள்ளான் சமைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அவற்றைப் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆனால் எங்கள் அடுப்பங்கரையில் ஆயாவின் சொல்லே சட்டமாயிற்று.

பறவை பார்க்க விரும்பும் தோழியருக்குச் சில குறிப்புகள்: விடிந்தவுடன் செல்லுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பளிச்சென்ற நிற உடை வேண்டாம். ஓரிடத்தில் அசையாமல் அமருங்கள். அலகு, கால், வால், நடை ஆகியவற்றைப் பார்த்து, நாளையும் இடத்தையும் ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். பெயரைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லெறிந்தோ கைதட்டியோ பறவைகளைக் கிளப்பாதீர்கள். வீணாக அவை பறக்கும் ஒவ்வொரு முறையும் கட்டுச்சோற்றில் ஒரு பிடி குறைகிறது. நாயை உடன் அழைத்துச் செல்வதும் கூடாது.

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு காலை, எங்கள் கொல்லையில் நாள்தோறும் வாலாட்டி நடந்த வாலாட்டிக் குருவியைக் காணவில்லை. நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டேன். ஐப்பசியில் மறுபடியும் ஒரு வாலாட்டி வந்தது. அதே குருவிதானா என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஆயா, "வந்துட்டியா?" என்று அதனிடம் கேட்டார்.

தோழியரே, விருந்தாளியை வரவேற்பது போலவே நல்லபடியாக வழியனுப்புவதும் நம் பண்பாடு. இப்பங்குனியில் ஒரு நாள் காலை வாருங்கள். சற்றுத் தள்ளி நின்று வழியனுப்புவோம்.