பழைய கம்ப்யூட்டரும் சர்வர் ஆகும்! எந்த இலவச சிஸ்டம் ஏற்றது?

வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கிறதே பழைய கம்ப்யூட்டர், அதை எடைக்குப் போட்டு விடாதீர்கள். அது "சர்வர்" ஆகும்!

சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். ஓட்டலில் கேட்டதைக் கொண்டு வந்து பரிமாறுகிறவரை எப்படி அழைக்கிறோம்? சர்வர்! இதற்கும் அதே வேலைதான். குடும்பத்தின் புகைப்படம், பாட்டு, வரவு-செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்திருக்கும். யார் செல்போனில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்.

ஆனால், கம்ப்யூட்டரை இயக்க ஒரு "சிஸ்டம்" வேண்டுமே? அதற்குக் காசு வேண்டாம்.

மாணவரின் கொடை

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ம் ஆண்டு, தமது 21-வது வயதில் "லினக்ஸ்" எழுதினார். எழுதியதை அவர் ஒளித்து வைக்கவில்லை. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று விட்டு விட்டார். அதை வைத்துப் பலரும் பல சிஸ்டங்களைச் செய்தார்கள்.

அவற்றில் ஒன்று "டெபியன்". இதைத் தொடங்கியவர் இயான் முர்டாக் என்ற அமெரிக்க மாணவர். ஆண்டு 1993. காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்தார். டெப்ரா, இயான்... டெபியன்! (பிறகு அவரையே மணந்தும் கொண்டார்.)

இன்னொன்று "ஆல்பைன்". இது மிகவும் சிறியது. வட்டில் சுமார் 130 மெகாபைட் இடம் இருந்தால் போதும். செல்போனில் எடுக்கும் ஒரு கல்யாண வீடியோவே இதை விடப் பெரிதாக இருக்கும்!

அப்படியானால் ஆல்பைன்தானா?

அவசரப்படாதீர்கள். டெபியன் போன்றவற்றுக்காகச் செய்த சில மென்பொருள்கள் ஆல்பைனில் அப்படியே ஓடாது. புதியவர் திண்டாடிப் போவார். 512 மெகாபைட் நினைவகம் இருந்தாலே, திரைப்படங்கள் காட்டாத வெறும் டெபியன் ஓடிவிடும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு டெபியனே நல்லது. ஆனால், உங்களுடையது மிகப் பழைய 32-பிட் கம்ப்யூட்டரா? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அதில் புதிதாக ஏற்ற முடியாது. அங்கே ஆல்பைன் கை கொடுக்கும்.

நடுவழியில் நின்ற சிஸ்டம்

எத்தனை ஆண்டு ஆதரவு கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள். ஆதரவு நின்றால், திருடர் புகும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. "சென்டாஸ்" என்று ஒரு சிஸ்டம் இருந்தது. அதன் 8-வது பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பிப் பல அலுவலகங்கள் அதை ஏற்றின. 2020 டிசம்பரில் திடீர் அறிவிப்பு: 2021-ம் ஆண்டு முடிவோடு சரி! எத்தனை பேர் இரவு பகலாக வேறு சிஸ்டத்துக்கு மாறினார்கள்!

டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 5 ஆண்டு ஆதரவு உண்டு. ஆல்பைனுக்கு 2 ஆண்டுதான். அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கம்ப்யூட்டர் பழையது என்றால், உள்ளே இருக்கும் வட்டும் பழையதுதான். எந்த சிஸ்டம் போட்டாலும் அதைக் காப்பாற்றாது. குழந்தையின் முதல் பிறந்த நாள் படம் அதில் மட்டும் இருக்க வேண்டாம். வேறொரு வட்டிலும் ஒரு பிரதி எடுத்து, பீரோவில் வைத்து விடுங்கள்.