அலைன்மென்ட் ஷீட்ல இருந்த சிவப்புக் கட்டம்

போன செமஸ்டர் லீவுல அப்பாவோட காரை மீடியன் மேல ஏத்திட்டேன். ராத்திரி பத்தரை மணி, நல்ல மழை, எதிர்ல வந்த பஸ்ஸோட ஹை பீம் கண்ணை மறைச்சுது. மீடியன் ஆரம்பிக்கிற இடத்துல ரிஃப்ளெக்டர் இல்ல. ஸ்பீடு நாற்பதுக்குள்ளதான் இருந்திருக்கும். "டம்"னு ஒரு சத்தம், வலது முன் வீல் ஏறி இறங்கிடுச்சு. டயர் வெடிக்கல. பம்பர்ல கீறல் கூட இல்ல. நேரா போகும்போது ஸ்டியரிங் மட்டும் வலது பக்கம் சாஞ்சு, கடிகாரத்துல ஒரு மணி காட்டுற மாதிரி நின்னுச்சு.

மறுநாள் காலையில அப்பாவுக்குத் தெரியாம ஒரு அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அரை மணி நேர வேலை, ஸ்டியரிங் நேராயிடுச்சு. சாவியைக் கொண்டு வந்து ஆணியில மாட்டிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் அதே கார்ல மதுரைக்குக் கிளம்புறதா இருந்தாங்க. நாலுவழிச் சாலையில அப்பா நூறுக்குக் குறைஞ்சு ஓட்ட மாட்டார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பன் எங்க காலேஜ் பாஹா டீம்ல சஸ்பென்ஷன் பாக்குறவன். கதையைக் கேட்டுட்டு அலைன்மென்ட் ஷீட்டைக் காட்டச் சொன்னான். ஒரு நிமிஷம் பாத்தான். "டோ மட்டும்தான்டா மாத்தியிருக்காங்க. கேம்பர் இன்னும் சிவப்புலயே இருக்கு, நீ பாக்கலையா?"

நான் பாக்கல. நீங்களும் பாத்திருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். ஸ்டியரிங் நேரா இருந்தா வண்டி சரியாயிடுச்சுன்னுதான் நாம நினைப்போம்.

நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்ன கார்களோட முன் பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். மேல ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட், கீழ லோயர் ஆர்ம், ரெண்டுக்கும் நடுவுல நக்கிள், அதுல ஹப், அதுல வீல். ஆர்மோட நுனியில பால் ஜாயின்ட். ஸ்டியரிங் ராக்கிலிருந்து வர்ற டை ராட் நக்கிளைப் பிடிச்சுத் திருப்பும். இதுல எளிதா அட்ஜஸ்ட் பண்ணக்கூடியது டை ராடோட நீளம் மட்டும்தான். அதை மாத்தினா டோ மாறும், அதாவது மேலிருந்து பாக்கும்போது வீல் உள்ள பாக்குதா வெளிய பாக்குதாங்கிற கோணம். கேம்பருக்கும் கேஸ்டருக்கும் பல சின்ன கார்ல தனி அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது. அது ரெண்டும் ஃபேக்டரியில உலோகத்தோட வடிவத்துலயே முடிவான விஷயம். அதனால இடிச்ச பிறகு கேம்பரோ கேஸ்டரோ ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா ஏதோ ஒரு பார்ட் வளைஞ்சிருக்கு, இல்ல இடம் நகர்ந்திருக்கு. டோவை மட்டும் சரி பண்ற கடைக்காரர் அந்த வளைவுக்கு ஏத்த மாதிரி டை ராடை மாத்தி வெச்சுட்டு அனுப்பிடுறார். வண்டி நேரா ஓடும். வளைஞ்சது அப்படியே இருக்கும்.

என் ஷீட்ல இருந்த நம்பர்: இடது கேம்பர் மைனஸ் 20 நிமிடம், வலது பிளஸ் 40 நிமிடம். 60 நிமிடம் ஒரு டிகிரி, ஆக வித்தியாசம் 1 டிகிரி. "ஒரு டிகிரிதானே"ன்னு தோணுச்சு. நண்பன் பேனாவை எடுத்தான். ஸ்ட்ரட்டோட மேல் மவுன்ட்டிலிருந்து பால் ஜாயின்ட் வரைக்கும் தோராயமா 600 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோ. 600ஐ டான் 1 டிகிரியால பெருக்கினா 10.5. அதாவது வீலோட கீழ்ப்பாகம் இருக்க வேண்டிய இடத்துல இருந்து 1 சென்டிமீட்டர் உள்ள போயிருக்கு. இரும்பு 1 சென்டிமீட்டர் நகர்றது சும்மா நடக்காது. கேஸ்டரும் வலது பக்கம் மட்டும் 1 டிகிரிக்கு மேல குறைஞ்சிருந்தது. வீல் உள்ளயும் போயிருக்கு, பின்னாடியும் போயிருக்கு.

இதை டேப் வெச்சு வீட்டுலயே பாக்கலாம். சமதளத்துல வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேரா வெச்சு, முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. சில மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். எங்க வண்டியில வலது பக்கம் 12 மில்லிமீட்டர் குறைவு.

அடுத்து ஜாக்கி போட்டுத் தூக்கினோம். பின் வீலுக்குக் கல் வைங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே போகாதீங்க, ஸ்டாண்ட் வேணும். வீலை 12 மணி, 6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா பெரும்பாலும் பால் ஜாயின்ட். 3 மணி, 9 மணி இடத்துல மட்டும் ஆடினா டை ராட் எண்ட். பேரிங் அடிபட்டிருந்தா சில நாள் கழிச்சுத்தான் "ங்ங்ங்"னு சத்தம் ஆரம்பிக்கும், ஸ்பீடு ஏற ஏற அதுவும் ஏறும்.

வீலைக் கையால சுத்திவிட்டுப் பக்கத்துல செங்கல் மேல ஒரு பேனாவை அசையாம வெச்சுப் பாத்தோம். ரிம் விளிம்பு பேனாகிட்ட வந்து வந்து போச்சு. ரிம் பெண்ட். வீலைக் கழட்டித் திருப்பினதும் அடுத்தது தெரிஞ்சுது. டயரோட உள்பக்க சைடு வால்ல எலுமிச்சம்பழத்தைப் பாதியா வெட்டி ஒட்டின மாதிரி ஒரு வீக்கம். வெளிய நின்னு எத்தனை தடவை பாத்தாலும் தெரியாத இடம்.

இந்த வீக்கத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். டயரோட பலம் ரப்பர்ல இல்ல, உள்ள ஓடுற நூல்லதான் இருக்கு. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டயர் நசுங்கும்போது அந்த நூல் அறுந்துடும். அறுந்த இடத்துல காத்தைத் தாங்கிட்டு இருக்கிறது வெறும் ரப்பர். இதுக்குப் பஞ்சர் கிடையாது, பேட்ச் கிடையாது, டயர் மாத்துறது ஒண்ணுதான் வழி. வெயில்ல, முழு லோடுல, நூறுல போகும்போது இது எப்ப வெடிக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. நான் அந்தச் சாவியை ஆணியில மாட்டியிருந்தேன்.

அன்னைக்கு ராத்திரியே அப்பாகிட்ட சொல்லிட்டேன். திட்டு விழுந்த விவரம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்ல. மதுரைக்கு பஸ்லதான் போனாங்க.

திங்கட்கிழமை பட்டறையில மெக்கானிக் அண்ணா அடியில போய் லைட் அடிச்சுக் காட்டினார். லோயர் ஆர்ம்ல ஒரு இடத்துல மட்டும் பெயின்ட் நுணுக்கமா வெடிச்சு உதிர்ந்திருந்தது. புது வளைவோட அடையாளம் அதுதான். சப்ஃபிரேம் போல்ட்டைச் சுத்திப் பளபளன்னு புது உலோகம் தெரியுதான்னும் பாத்தார், தெரிஞ்சா சப்ஃபிரேமே நகர்ந்திருக்குன்னு அர்த்தம். நல்லவேளை, இல்ல.

ஆர்மா, ஸ்ட்ரட்டான்னு கண்ணால முடிவு பண்ண முடியாதப்போ ஒரு நம்பர் உதவும். ஆட்டோமொபைல் பேப்பருக்கு கிங்பின் இன்க்ளினேஷன்னு 2 மார்க்குக்கு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். பல அலைன்மென்ட் மெஷின்ல எஸ்ஏஐன்னு வரும், கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. அதையும் கேம்பரையும் கூட்டி ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்க. கேம்பர் மாறியும் கூட்டுத்தொகை சமமா இருந்தா ஆர்ம் அல்லது சப்ஃபிரேம் பக்கம் தேடணும். கூட்டுத்தொகையே வேறயா இருந்தா ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைஞ்சிருக்கு. எங்களுக்குச் சமம்.

"பெண்டு எடுத்துடலாமா அண்ணா?"ன்னு கேட்டேன். இரும்பு ரிம்முக்கு சரின்னார், எடுத்தும் கொடுத்தார். ஆர்முக்கு முடியாதுன்னுட்டார். ஒரு தடவை வளைஞ்சதை மறுபடி நிமித்தினா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம், உடைஞ்சா வீல் தனியா போயிடும். அலாய் வீல் வெச்சிருக்கறவங்களுக்கும் இதேதான்: விரிசல் விட்ட அலாயை வெல்டிங் பண்ணிக் கொடுக்குறவங்ககிட்ட கொடுக்காதீங்க.

இன்ஷூரன்ஸ் பத்தி ரெண்டு வரி. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா இதுக்கு ஒண்ணும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தா பார்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கம்பெனிக்குச் சொல்லுங்க, சர்வேயர் வந்து பாக்கணும். சாதாரண பாலிசியில டயருக்குப் பாதிதான் தருவாங்க, அதுவும் வண்டியில வேற பாகமும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான்.

புது ஆர்ம் மாட்டும்போது அண்ணா புஷ் போல்ட்டை முழுசா முறுக்கல. வண்டியைக் கீழ இறக்கி, எடை வீல் மேல உக்காந்த பிறகுதான் முறுக்கினார். தொங்கிட்டு இருக்கும்போதே முறுக்கிட்டா ரப்பர் புஷ் எப்பவும் முறுக்கின நிலையிலேயே வேலை செஞ்சு சீக்கிரம் கிழிஞ்சிடுமாம். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச எனக்கு இது தெரியாது. அதுக்கப்புறம் புது டயர், பேலன்ஸிங், கடைசியா வேற கடையில அலைன்மென்ட். இந்த வரிசை மாறக்கூடாது.

புது ஷீட்ல வலது கேம்பர் மைனஸ் 15 நிமிடம், எல்லாக் கட்டமும் பச்சை. அப்பா அதை வாங்கிப் பாத்துட்டு, பழைய ஷீட்டையும் கேட்டு வாங்கி, ரெண்டையும் ஆர்சி புக்கோட வெச்சுக்கிட்டார். நூறு கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை ஒரு தடவை முறுக்கிப் பாக்கச் சொல்லியிருந்தார் அண்ணா. அந்த வேலையை மட்டும் அப்பா என்னை நம்பிக் கொடுத்தார், பக்கத்துலயே நின்னுக்கிட்டு.