அலுமாரிக்குள் ஓர் உம்மாவின் பெயர்

பச்சைத் துணி அட்டை, சிவப்பு நாடா. கிழக்கில் மூடப்பட்டுவிட்ட ஒரு சிறுவர் இல்லத்தின் சேர்வு இடாப்பு அது. இலக்கம், திகதி, பெயர், வயது, ஊர், ஒப்படைத்தவர், கையொப்பம் என ஏழு கட்டங்கள். ஒரு வரியில் வயதுக்கு நேரே ‘சுமார் 3’ என்றிருக்கிறது. ஒப்படைத்த உம்மாவின் கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம். மை பரவி ரேகை அழிந்துவிட்டது. பக்கத்தோடு குத்தியிருந்த துண்டுக் கடிதத்தில் குண்டூசி துருப்பிடித்து, எழுத்து இருந்த இடத்தில் பழுப்பு ஓட்டை.

இந்தப் புத்தகம் யாருடையது? இல்லம் நடத்தியவரின் வாரிசுகளுடையதா, நன்னடத்தைத் திணைக்களத்துடையதா? என் பதில் ஒன்றுதான்: அந்த ‘சுமார் 3’ வயதுப் பிள்ளையுடையது. மற்றவர்கள் காவல்காரர்கள்.

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் இது அவசரமான கேள்வி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது கரையோரத்து வைத்தியசாலையும் சிதைந்தது. அன்று பெற்றோரை இழந்த கைக்குழந்தைகள் இன்று இருபதைத் தாண்டிவிட்டார்கள். கலியாணப் பேச்சு வரும் வயது.

முஸ்லிம் கலியாணத்தில் பெண்ணுக்கு ‘வலி’, அதாவது அவள் சார்பில் மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளர், வேண்டும். வாப்பா, அவர் இல்லையென்றால் வாப்பாவின் வாப்பா, பிறகு கூடப்பிறந்த ஆண்கள், வாப்பாவின் சகோதரர்கள். எவரும் இல்லாதபோது காதி நீதிபதி அந்த இடத்தில் நிற்கிறார். ‘எவரும் இல்லை’ என்பது வேறு, ‘எவரென்று தெரியவில்லை’ என்பது வேறு. யத்தீம் (அநாதை) பிள்ளைக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட இடாப்பின் ஒரு வரிதான் உண்டு. பால்குடி உறவும் அப்படியே. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் மணக்க முடியாது; கைக்குழந்தைக்குப் பாலூட்டியது யார் என்று எவராவது எழுதி வைத்திருக்க வேண்டும். வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற வாப்பாவின் பெயராலேயே அழைக்கச் சொல்லும் மார்க்கத்தில், அந்தப் பெயரைத் தொலைப்பது சிறிய இழப்பா?

சட்டம் பாதி வழிதான் வருகிறது. 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் இல்லங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி திணைக்களத்திடம் கேட்கலாம், ஆனால் கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். 1970, 80களில் நெதர்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து என்று அனுப்பப்பட்ட சுமார் 11,000 குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று வேற்று நாட்டுப் பிரஜைகள். அவர்களில் பலரது கடதாசிகளே பொய். குழந்தையை ஒப்படைக்கப் போலித் தாய்மாரைக் கூட்டிவந்ததை 2017இல் டச்சுத் தொலைக்காட்சியின் ‘செம்ப்ளா’ நிகழ்ச்சி வெளிக்கொண்டு வந்தது. தத்தெடுப்புப் பத்திரம் பொய் சொல்லும்போது, அதோடு ஒப்பிட்டுப் பார்க்க இல்லத்தின் இடாப்பாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆவணம் யாருடையது என்ற கேள்வி கனடாவிலும் எழுந்தது. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்து அடைத்த வதிவிடப் பள்ளிகள் பற்றி ஏறத்தாழ 38,000 பேர் இழப்பீடு கேட்டார்கள். தாங்கள் பட்டதை அந்தரங்கமாகச் சொன்னார்கள். அந்தப் பதிவுகள் தன் வசமுள்ள அரச ஆவணங்கள் என்றது அரசு. 2017 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: 15 ஆண்டுகள் வைத்திருங்கள், சொன்னவர் விரும்பினால் காப்பகத்துக்குப் போகட்டும், இல்லையென்றால் அழித்துவிடுங்கள் என்றது. சரித்திரத்துக்கு நட்டம்தான். ஆனாலும் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதில் அந்தத் தீர்ப்பு தடுமாறவில்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எனக்குச் சம்மதமில்லை. தமிழ்பேசும் சமூகங்களின் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் ‘நூலகம்’ போன்ற நிறுவனத்திடம் ஸ்கேன் செய்யும் திறமை இருக்கிறது. படியெடுக்கட்டும், ஆனால் பூட்டி வைக்கட்டும். பெருவிரல் வைத்த அந்த உம்மா இன்னும் உயிரோடு இருக்கலாம், வேறொரு குடும்பத்தில். வந்து கேட்கும் பிள்ளைக்குத் தன்னுடைய வரி முழுவதும் கிடைக்க வேண்டும். பக்கத்து வரி கிடைக்கக் கூடாது. இல்லம் மூடும் நாளிலேயே இடாப்புகளை மாகாணத் திணைக்களம் எண்ணி, கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தப் பச்சை அட்டை இப்போது ஒரு வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், பழைய கலியாணக் கார்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. சுவரோரம் கறையான் மண். குண்டூசிகளைக் கழற்றிவிட்டு, மாரி தொடங்குமுன் மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.