ஒரே குடும்பங்களைப் பல வருஷம் கணக்கெடுப்பதால் விளையும் பயன்

கிராமத்துக் குடும்பங்களின் வரவு செலவுகளை ஒருமுறை கணக்கெடுத்தால், அவ்வருஷத்தில் எக்குடும்பம் வசதியாயிருந்தது, எக்குடும்பம் வறுமையுற்றிருந்தது என்பது தெரியவரும். ஆயின், அன்று வறுமையுற்றிருந்த குடும்பம் எக்காலத்தும் அந்நிலையிலேயே இருப்பதா, அல்லது மழை தவறியமையால் அவ்வொரு வருஷம் மட்டும் தாழ்ந்ததா என்பது அக்கணக்கால் விளங்காது. இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும், அவற்றிற்குரிய பரிகாரங்கள் வேறு வேறாம். ஆதலின், அதே கிராமங்களுக்கும் அதே குடும்பங்களுக்கும் திரும்பத் திரும்பச் சென்று விசாரிக்கும் முறையைப் பொருளாதார ஆராய்ச்சியாளர் கைக்கொண்டுள்ளனர். நம் தேசத்தில் இம்முறையால் அறியவந்தவற்றுள் முக்கியமானவற்றை இங்கு எடுத்துரைப்போம்.

சென்னை மாகாணத்தில் தொடக்கம்

சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார், 1916-ம் வருஷத்தில் தம் மாணாக்கரைக்கொண்டு கிராமங்களின் நிலம், பயிர், கூலி, கடன் முதலியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சை ஜில்லாப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலி ஜில்லாக் கங்கைகொண்டான் ஆகியவை அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் சிலவாகும். அவ்வறிக்கைகள் 1918-ல் நூலாக வெளிவந்தன. சுமார் இருபது வருஷங்களுக்குப் பின், பி. ஜே. தாமஸ், கே. ஸி. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரின் மேற்பார்வையில் அவ்வூர்கள் மறுபடியும் ஆராயப்பட்டு, 1940-ல் மற்றொரு நூல் வெளியாயிற்று. அதன் பின்னரும் ஆராய்ச்சியாளர் இவ்வூர்களுக்கு வந்துள்ளனர். இருவேல்பட்டில் 2008-லும் கணக்கெடுப்பு நடந்தது. 1916-ல் அங்கே வழக்கிலிருந்த படியாள் முறை 2008-ல் மறைந்துபோயிருந்தது.

இவ்வகை ஆராய்ச்சியால் ஊரின் மாறுதல் தெரியும். ஆனால் வருஷந்தோறும் ஒவ்வொரு வீட்டின் ஏற்ற இறக்கமும் தெரிய வேண்டுமாயின், இடையறாத கணக்கு தேவை.

மானாவாரிக் கிராமங்களில் கண்டது

அத்தகைய கணக்கை ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமாகிய இக்ரிசாட் 1975-ல் தொடங்கியது. மஹபூப்நகர், சோலாப்பூர், அகோலா ஆகிய மூன்று ஜில்லாக்களில், மழையை நம்பிப் பயிரிடும் ஆறு கிராமங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் 40 குடும்பங்கள். அவற்றுள் நிலமற்ற கூலிக் குடும்பங்கள் 10, சிறு குடியானவர் 10, நடுத்தரக் குடியானவர் 10, பெரு நிலக்காரர் 10. விசாரணை செய்வோர் அவ்வூரிலேயே குடியிருந்து, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வீடுதோறும் சென்று, பயிர்ச்செலவு, மகசூல், கூலி வேலை நாட்கள், உழவு மாடுகள், கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டனர். வருஷ முடிவில் ஒரே தடவை கேட்பின் பலவும் மறந்துபோமாதலின், ஞாபகம் மாறாமுன் கேட்பதே இதன் நோக்கம்.

1975 முதல் 1983 வரையில் சேர்ந்த ஒன்பது வருஷக் கணக்கை ஆராய்ந்தபோது, மிகவும் கவனிக்கத்தக்க உண்மை வெளிப்பட்டது. ஒன்பது வருஷங்களிலும் வறுமைக் கோட்டிற்குக் கீழேயே இருந்த குடும்பங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒருமுறையேனும் வறுமையுறாத குடும்பங்கள் எட்டில் ஒரு பங்கே. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கினர் சில வருஷம் கோட்டிற்குக் கீழும் சில வருஷம் மேலுமாக மாறி மாறி இருந்தனர். ஆகவே, யாதேனும் ஒரு வருஷத்தில் எழுதிய வறியோர் ஜாபிதாவை நெடுங்காலம் அப்படியே வைத்துக்கொண்டால், உதவி வேண்டியவர் பலர் விடுபட்டும், அவ்வளவு வேண்டாதவர் சிலர் இடம்பெற்றும் போவது திண்ணம்.

ஒரு கோதுமைக் கிராமத்தின் வரலாறு

வட இந்தியாவில் மொராதாபாத் ஜில்லாவிலுள்ள பாலன்பூர் என்னும் சிற்றூரில் 1957-58-ல் தில்லி சர்வகலாசாலையைச் சார்ந்த விவசாயப் பொருளாதார ஆராய்ச்சி நிலையத்தார் முதன்முதல் கணக்கெடுத்தனர். 1962-63, 1974-75, 1983-84, 1993, 2008-09 ஆகிய காலங்களிலும் அவ்வூர்க் குடும்பங்கள் மறுபடி விசாரிக்கப்பட்டன. வருமான வித்தியாசத்தை அளக்க ஜினி எண் என்றோர் அளவு உண்டு. யாவரும் சமமாகப் பெறின் அது 0. எல்லாவற்றையும் ஒருவரே பெறின் 1. பாலன்பூரில் இவ்வெண் 1957-58-ல் சுமார் 0.34, 1974-75-ல் 0.27, 1983-84-ல் 0.31, 2008-09-ல் 0.38.

முதலில் இறங்கிப் பின்னர் ஏறியதன் காரணம் யாது? முதற்கட்டத்தில் பாசனம் பரவி, புதிய கோதுமை ரகங்களும் வந்தமையால், சிறு நிலக்காரருக்கும் மகசூல் பெருகிற்று, வித்தியாசம் சுருங்கியது. பிற்காலத்தில் செங்கற்சூளை, ரயில்வே, பட்டணத்துத் தொழில்கள் முதலிய வெளி வேலைகளால் வந்த வருமானம் பெருகியது. அவ்வேலை கிடைத்தோர்க்கும் கிடையாதோர்க்கும் இடையே வித்தியாசம் விரிந்தது. எனினும், நெடுங்காலம் அடிநிலையிலிருந்த ஜாதவ் வகுப்பினர் சிலர் மேலேற வழி செய்ததும் இவ்வெளி வேலையே. ஆனால், தகப்பனாரின் நிலையே மகனது நிலையையும் தீர்மானிக்கும் தன்மை முன்னிலும் வலுத்திருப்பதாகவும் இக்கணக்குகள் காட்டுகின்றன. நிலத்தின் அளவை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தின் நிலையை மதிப்பிடும் வழக்கம் இனிப் போதாது என்பது இதனால் விளங்கும்.

கணக்கெடுப்பிலுள்ள கஷ்டங்கள்

இம்முறை எளிதன்று. பாகப்பிரிவினையால் ஒரு குடும்பம் மூன்றாகும். அம்மூன்றையும் பின்தொடர வேண்டும். ஊரைவிட்டுப் போனவர்களை விட்டுவிட்டால், மிகத் தாழ்ந்தோரும் மிக உயர்ந்தோரும் கணக்கினின்று நழுவிப்போவர். விலைவாசி ஏறுவதால், பழைய ரூபாயையும் இக்கால ரூபாயையும் ஒரே விலைமட்டத்திற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடலாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, வரி கூடுமோ என்ற அச்சத்தால் மகசூலைக் குறைத்துச் சொல்வதும், உதவி கிடைக்கும் என்ற ஆசையால் கடனைக் கூட்டிச் சொல்வதும் கணக்கையே கெடுத்துவிடும்.

கிராமத்தார் செய்யத்தக்கது

ஒரு வருஷ நஷ்டத்தால் தாழ்ந்த குடியானவருக்கு வேண்டியது தக்க தருணத்தில் கடனும், பயிர் இன்ஷூரன்ஸும், மறு விதைப்புக்கு விதையும் ஆகும். எந்நாளும் தாழ்ந்திருக்கும் குடும்பத்திற்கு இவை போதா; நிலையான வேலையும், பிள்ளைகளுக்குக் கல்வியும், கூடுமாயின் சொந்த நிலமும் வேண்டும். இன்னார்க்கு இன்னது வேண்டும் எனப் பகுத்தறிய நெடுங்காலக் கணக்கே கருவியாகும்.

ஆதலின், விசாரணைக்கு வருவோரிடம் நிலச்சொந்தக்காரர் உள்ளது உள்ளபடி கூறுவதோடு, வயல்வாரியாகச் செலவும் மகசூலும் எழுதும் கணக்குப் புஸ்தகம் ஒன்றைத் தம் வீட்டிலும் வைத்திருத்தல் நலம். கிராம அதிகாரிகள், குடும்பம் பிரிந்ததையும், ஊர் மாறியதையும், குத்தகை கைமாறியதையும் அவ்வப்போது தேதியுடன் குறித்து வைப்பாராக. தம்மிடம் கூறப்பட்டதைப் பிறரிடம் வெளியிடாதிருத்தலும் அவர்தம் கடமையாம். இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தாலன்றி, உதவி மிக வேண்டியவரே வாய்திறக்கத் தயங்குவர்.