கழுத்துத் தண்டுவட அறுவைச் சிகிச்சை: எவ்வளவு மீளும்?

வயது ஏற ஏறக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வறண்டு சரிவதும், எலும்பு விளிம்புகளில் முட்கள் வளர்வதும் பெரும்பாலோரிடம் காணப்படும் மாற்றங்களே எனினும், அவை மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தை நெருக்கிச் சேதப்படுத்தும்போது தேய்மானம் நோயாகிறது. வலி அதிகமில்லாமலே வரக்கூடிய இந்நோய், சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறுவதிலும், கால்கள் விறைத்து நடை தள்ளாடுவதிலும் தொடங்குவதால், முதுமையின் இயல்பென்று கருதப்பட்டு மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது.

நெருக்கத்தை நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எவ்வளவு மீளும் என்பதை அளக்க, ஜப்பானிய எலும்பியல் சங்கம் வகுத்த மதிப்பெண் முறையின் திருத்திய வடிவம் பயன்படுகிறது. கை இயக்கத்துக்கு 5, கால் இயக்கத்துக்கு 7, கை உணர்ச்சிக்கு 3, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு 3 என மொத்தம் 18 மதிப்பெண்களில், 15 முதல் 17 வரை பெறுபவருக்குப் பாதிப்பு லேசானது. 12 முதல் 14 வரை நடுத்தரமானது. 11 அல்லது அதற்குக் கீழ் கடுமையானது.

கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த மைக்கேல் ஃபெலிங்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பல நாடுகளில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஓராண்டு அல்லது ஈராண்டு கழித்து 16 மதிப்பெண்ணை எட்டுவோர் யார் என முன்கூட்டிச் சொல்லும் கணிப்பு முறைகளை 2013 முதல் வெளியிட்டனர். சிகிச்சைக்கு முன்பிருந்த மதிப்பெண், வயது, அறிகுறிகள் நீடித்த காலம், நடைக் குறைபாடு, புகைப்பழக்கம், உடனிருக்கும் பிற நோய்கள் ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டிலும் நோயாளி நடப்பதைப் பார்த்தும் கேட்டும் அறியக்கூடியவையே இப்பட்டியலில் மிகுதி என்பது கவனிக்கத்தக்கது. படத்திலும் பொருளுண்டு, ஒருவகைப் பதிவில் தண்டுவடம் வெளிறித் தெரிவதுடன் வேறுவகைப் பதிவில் அதே இடம் கருத்தும் தெரிந்தால், மீளாச் சேதம் இருக்கலாமென மருத்துவர்கள் ஐயுறுகின்றனர்.

ஆயினும் 16 என்ற எல்லைக்கோடு சற்றுக் கறாரானது. 8 மதிப்பெண்ணுடன் வந்தவர் 11-க்கு உயர்ந்து, பிறர் துணையின்றிச் சோறு பிசைந்து உண்ணத் தொடங்கினாலும், கணக்கில் அவர் எல்லையைத் தொடாதவரே. இக்குறையை உணர்ந்தே, பலன் உண்டு எனக் கொள்ள லேசான பாதிப்புக்கு 1, நடுத்தரத்துக்கு 2, கடுமையானதற்கு 3 மதிப்பெண் உயர்வு போதுமென்ற அளவுகோலும் பின்னர் வந்தது. தவிர, எந்தக் கணிப்பும் ஒத்த நிலையிலுள்ள பலரைப் பற்றியதே. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அது உறுதி கூறாது.

காரணிகளில் வயதை யாராலும் மாற்ற முடியாது; அறிகுறி தொடங்கியதற்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைக்கலாம், புகையை விடலாம். நடுத்தர, கடுமையான பாதிப்புகளுக்கு அறுவைச் சிகிச்சையையே 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. லேசான பாதிப்புக்கு மட்டும், அறுவைச் சிகிச்சையோ மேற்பார்வையுடன் கூடிய மறுவாழ்வுப் பயிற்சியோ தேர்ந்துகொள்ள இடமளித்து, நிலை மோசமானால் கத்தியை நாடச் சொல்கிறது.