நிறுத்தத் தெரிந்தவருக்கே விண்மீன் மண்டலம்

‘ஸ்டெல்லாரிஸ்’ என்ற விண்வெளிப் பேரரசுக் கணினிக் கேமை ஆடத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியது ஸ்பேஸ் பார் பொத்தானை. அதை ஒருமுறை தட்டினால் விண்மீன் மண்டலம் முழுக்கக் காலம் நின்றுவிடும். கப்பல்கள் நின்ற இடத்திலேயே நிற்கும், சுரங்கங்கள் தோண்டாது, எதிரி ஓர் அங்குலம்கூட நகரமாட்டான். ஆனால் நீங்கள் மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், கட்டளைகளை வரிசையாக இட்டுக்கொண்டே போகலாம். எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்த ஆயுதம் வலிமையானது, எத்தனை கப்பல் கட்டுவது என்ற கேள்விகளோடுதான் புதியவர்கள் வருகிறார்கள். அவற்றுக்கெல்லாம் நிதானமாகப் பதில் தேடிக்கொள்ளலாம். இந்த வகைக் கேம்களில் புதியவரைப் பெரும்பாலும் எதிரியின் படை வீழ்த்துவதில்லை. தன் பேரரசின் வரவு செலவு தனக்கே பிடிபடாமல் போகும்போது அவர் தானாகவே விழுகிறார். கணக்கு பிடிபட நேரம் வேண்டும். அந்த நேரத்தை உங்களுக்குத் தரும் கேமா, அதை உங்களிடமிருந்து பிடுங்கும் கேமா என்பதுதான் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

ஆட்டம் 2200 ஜனவரி 1 அன்று தொடங்குகிறது. கையில் ஒரு தலைநகர்க் கோள், ஆய்வுக் கப்பல், கட்டுமானக் கப்பல், விரல்விட்டு எண்ணக்கூடிய போர்க்கப்பல்கள். கடிகாரத்தை ஓடவிடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஆய்வுக் கப்பலை அண்டை நட்சத்திரக் குடும்பங்களுக்கு வரிசைப்படுத்தி அனுப்புங்கள், ஏனென்றால் அளந்து பார்க்காத இடத்தில் எல்லையை விரிக்கும் சாவடி கட்ட முடியாது. இரண்டாவது ஆய்வுக் கப்பலுக்கு உடனே ஆணையிடுவது அனுபவசாலிகள் பலரும் செய்வது. எந்தப் பக்கம் வளமான கோள் இருக்கிறது, எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்பதை அண்டை நாட்டுக்காரனுக்கு முன்னால் தெரிந்துகொள்வது போர்க்கப்பலைவிடப் பெரிய பலம். கட்டுமானக் கப்பல் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே சுரங்க நிலையங்களையும் ஆய்வு நிலையங்களையும் கட்டி முடிக்கட்டும். இயற்பியல், சமூகவியல், பொறியியல் என்ற மூன்று துறைகளிலும் என்ன ஆராய்வது என்று கேம் சில வாய்ப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முன்வைக்கும். ஒவ்வொன்றையும் படித்துத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் கனிம, ஆற்றல் உற்பத்தியைக் கூட்டும் ஆய்வுகள் கண்ணில் பட்டால் புதிய பீரங்கியை ஒத்திப்போடலாம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஜனவரி 2 வர வேண்டும்.

கணக்கு என்று சொன்னது எதை? இந்த கேமில் பொருளாதாரம் ஒரு சங்கிலி. சுரங்கத்திலிருந்து கனிமம் வருகிறது. கனிமத்தை ஒரு பக்கம் உலோகக்கலவையாகவும் இன்னொரு பக்கம் நுகர்பொருளாகவும் மாற்றுகிறார்கள். கப்பலும் சாவடியும் உலோகக்கலவையை விழுங்கும். ஆய்வாளர்கள் நுகர்பொருளைத் தின்றுதான் ஆராய்ச்சிப் புள்ளிகளைத் தருவார்கள். கட்டடங்களும் கப்பல்களும் மாதாமாதம் ஆற்றலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஓர் ஆய்வகம் கட்ட ஆணையிடும் நொடியில் நுகர்பொருள், அதற்குப் பின்னால் கனிமம், ஆற்றல் என்று மூன்று இடங்களில் கணக்கு மாறுகிறது. திரையின் மேல்பக்கத்தில் ஒவ்வொரு பொருளின் கையிருப்பும் மாத வரவும் தெரியும். அதன்மேல் சுட்டியை வைத்தால் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற பட்டியல் விரியும். வேகத்தைக் கூட்டிவிட்டு ஆடுபவர் இந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஆற்றல் சிவப்பு எண்ணுக்குப் போய், கையிருப்பும் தீர்ந்து, பேரரசு முழுக்கத் தண்டனை இறங்கிய பிறகுதான் விழிக்கிறார். அதைவிடப் பரவலான தவறு, வேலை பார்க்க ஆளே இல்லாத கோளில் தொழிற்கூடங்களைக் கட்டிக் குவிப்பது. மாணவர் சேராத பள்ளிக்குக் கட்டடம் மேல் கட்டடம் எழுப்புவதைப் போன்றது இது. ஆள் இல்லாவிட்டாலும் பராமரிப்புச் செலவு மாதம் தவறாமல் வரும். மக்கள் தொகை, காலி வேலை இடம், குடியிருப்பு மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு அடுத்ததைக் கட்டுங்கள். அந்த ஒப்பீட்டுக்குத் தேவைப்படும் அரை நிமிடம், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் செலவில்லாமல் கிடைக்கிறது.

விரிவாக்கம் அடுத்தது. 1993ல் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ வெளியானபோதே இந்த வகைக் கேம்களின் நான்கு வேலைகள் என்ன என்று எழுதிவிட்டார்கள்: தேடு, விரி, பயன்படுத்து, அழி. புதியவர்கள் இரண்டாவதிலேயே மயங்கி மூன்றாவதை மறக்கிறார்கள். ஸ்டெல்லாரிஸில் ஒரு சாவடி கட்ட உலோகக்கலவையோடு செல்வாக்குப் புள்ளிகளும் வேண்டும். செல்வாக்கு மாதத்துக்குச் சில புள்ளிகள் மட்டுமே சேரும், அதைக் காசு கொடுத்துச் சந்தையில் வாங்கவும் முடியாது. ஆகவே கண்ணில் பட்ட நட்சத்திரத்தையெல்லாம் வரிசையாகப் பிடிப்பது வீண். 2018ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு கப்பல்கள் குறித்த விண்பாதைகள் வழியாகத்தான் போக முடியும். எனவே வரைபடத்தில் பல பாதைகள் வந்து சேரும் ஒற்றைக் கணவாய் எங்கே என்று தேடுங்கள். அந்த இடத்தை முதலில் பிடித்து விண்தளத்தை வலுப்படுத்திவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை அவசரமில்லாமல் நிரப்பிக்கொள்ளலாம். பேரரசின் அளவைக் காட்டும் எண் 100ஐத் தாண்டினால் ஆய்வுகளும், ‘மரபுகள்’ எனப்படும் சலுகைகளும் படிப்படியாக விலையேறும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காகப் பயந்து சுருங்கிவிட வேண்டாம். வளமான பத்து இடங்கள் சேர்ந்தால் அந்த விலையேற்றத்தை ஈடுகட்டிவிடும், வெறும் பாறைகள் பத்து சேர்ந்தால் முடியாது. படைக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டிக் கப்பல் கட்டினால் பராமரிப்புச் செலவு எகிறும்.

போரைப் பற்றித் தொடக்கத்தில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. அண்டை நாடுகளோடு நல்லுறவு வைத்துக்கொள்ள ஏற்ற ஆயத்தப் பேரரசுகள் கேமிலேயே இருக்கின்றன. பூமி மனிதர்களின் ‘யுனைடெட் நேஷன்ஸ் ஆஃப் எர்த்’ அவற்றில் ஒன்று, பழகுவதற்கு அதுவே போதும். விண்மீன் மண்டலத்தை 200 நட்சத்திரங்கள் முதல் 1000 வரை அமைக்கலாம். சிறியதாகவே வையுங்கள், பெரியதென்றால் பின்பகுதியில் கணினி திணறும். இயல்பு அமைப்பில் 2300ஐ ஒட்டி நடுக்கட்டம், 2400ஐ ஒட்டி இறுதிக்கட்டம். இறுதிக்கட்டத்தில் விண்மீன் மண்டலம் முழுவதையும் அச்சுறுத்தும் பேரிடர் ஒன்று வரும். அதற்குள் பொருளாதாரம் வேரூன்றியிருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: 2016ல் வெளியான இந்த கேமின் உள்ளமைப்பை அதற்குப் பிறகு பலமுறை அடியோடு மாற்றியிருக்கிறார்கள். 2018ல் கோள்களின் நிர்வாகம் மாறியது, 2025ல் மக்கள் தொகைக் கணக்கே மாறியது. பழைய காணொளியில் சொன்னதை அப்படியே பின்பற்றினால் குழப்பமே மிஞ்சும்.

நிறுத்தி யோசிக்க வழியில்லாத இடத்தில் கணக்கு எப்படித் தவறும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஐஸ்லாந்தில் உருவாகி 2003 முதல் நடக்கும் ‘ஈவ் ஆன்லைன்’ கேமில் உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே விண்வெளியில் ஆடுகிறார்கள். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திரக் குடும்பத்தில் தொடங்கிய போர் சுமார் 21 மணி நேரம் நீடித்தது. 7,500க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். கட்டி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும் டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு 3 லட்சம் டாலர் அளவுக்கு இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் தொடக்கக் காரணம், அந்த இடத்தின் மீதான உரிமைக்குச் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணம் ஒன்று கட்டப்படாமல் போனதுதான். உரிமை காலாவதியானது, எதிரணி உள்ளே புகுந்தது. அனுபவம் மிகுந்த கூட்டணிக்கே ஒரு கட்டணம் தவறியதால் இந்தக் கதி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அத்தனை பேர் ஓரிடத்தில் மோதும்போது கணினிகள் தாங்காது என்பதால், அந்த கேம் தானாகவே காலத்தை மெதுவாக்கிக்கொள்கிறது. அன்று இயல்பு வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் காலம் இறங்கியது. இயந்திரம் தான் திணறும்போது காலத்தை மெதுவாக்கிக்கொள்ளும், ஆடுகிற மனிதருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இங்கேதான் உண்மையான கவலை தொடங்குகிறது. நம் ஊர் இளைஞர்களில் பலருக்கு முதல் விண்வெளிப் பேரரசு கணினியில் கிடைப்பதில்லை, கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த இலவசக் கேம்களின் மூதாதைகளில் ஒன்று, 2002ல் ஜெர்மனியில் பிறந்த ‘ஓகேம்’. அது உலாவியில் ஓடும், ஒருபோதும் நிற்காது. நீங்கள் பள்ளியில் இருக்கும்போதும், அலுவலகத்தில் இருக்கும்போதும், தூங்கும்போதும் எதிரி வரலாம். வந்தால் கிடங்கில் இருப்பதில் பெரும்பங்கு கொள்ளை போகலாம், அழிந்த கப்பல்கள் அத்தனையும் திரும்பக் கிடைக்காது. அதனால் அந்த கேமில் புதியவருக்குச் சொல்லித்தரும் முதன்மையான பாடம், தூங்கப் போகுமுன் படையை எங்காவது நெடுந்தூரம் அனுப்பிவைத்து, விழிக்கும் நேரத்துக்குத் திரும்பி வரும்படி கணக்குப் போடுவது. கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாடத்தில் எதற்கு எது அடிமை என்று பாருங்கள். ஒருவர் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதைக் கப்பலின் பயண நேரம் முடிவு செய்கிறது. திரும்பும் நேரத்தில் அவர் விழித்திருக்காவிட்டால், அவரைக் கவனித்துக்கொண்டிருக்கும் வேறொருவர் விழித்திருப்பார்.

கைப்பேசிக் கேம்கள் பல இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன்மேல் கடை போட்டன. முதல் கட்டடம் நொடியில் முடியும், அடுத்தது ஐந்து நிமிடம், அதற்கடுத்தது அரை நாள், பிறகு நாள்கணக்கு. காத்திருக்க முடியாதவர் காசு கொடுத்து நேரத்தைச் சுருக்கலாம். தாக்குதலுக்குப் பயப்படுபவர் சில மணி நேரக் கவசத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். ஸ்டெல்லாரிஸில் ஒரு பொத்தானைத் தட்டினால் கிடைக்கிற அதே அமைதி இங்கே விலைச்சீட்டோடு வருகிறது. காத்திருப்பு அந்தக் கேமின் குறை என்று நினைப்பது தவறு, விற்பனைக்காகவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வியூகம் கற்க வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது எதைக் கற்றுத்தரும்? நன்றாக யோசித்தவன் தோற்று, இரவு விழித்தவனும் செலவு செய்தவனும் வெல்வதைத்தான். தமிழ்நாட்டில் 2025ல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை போட்டன. பந்தயப் பணம் இல்லாத பேரரசுக் கேம்கள் அந்த வரம்புக்குள் வரவில்லை. அவை பறிப்பது பணத்தைவிடத் தூக்கத்தை அதிகம் என்பதால் யார் கண்ணிலும் படாமலே போகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. உயிருள்ள எதிரியோடு நேரம் ஓடும்போது ஆடுவதில்தான் பரபரப்பு, கூட்டணி அமைப்பதும் நட்பு வளர்வதும் அங்கேதான் என்பார்கள். உண்மைதான், ஈவ் ஆன்லைனின் கூட்டணிகள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. ஆனால் நட்புக்காக நிறுத்தத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஸ்டெல்லாரிஸைப் பலர் சேர்ந்து ஆடும்போதும் நிறுத்தலாம். 2017ல் வெளியான ‘எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2’ முறைவைத்து ஆடுவது, நீங்கள் முடிக்கும்வரை காத்திருக்கும். அடிக்கடி நிறுத்தினால் விரைந்து முடிவெடுக்கும் திறன் வளராது என்பது இரண்டாவது மறுப்பு. இது தலைகீழ்ப் பார்வை. சங்கிலியின் கண்ணிகள் மனதில் பதிந்தவரே வேகமாக முடிவெடுக்கிறார், அவை நின்று பார்க்கும்போதுதான் பதிகின்றன. முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு மாத முடிவிலும் நிறுத்துபவர் மூன்றாவது ஆட்டத்தில் ஆண்டுக்கொருமுறை நிறுத்தினால் போதும் என்ற நிலைக்குத் தானாக வருவார். கணினிக் கேமும் ஒரே அமர்வில் ஐந்து மணி நேரத்தை விழுங்குமே என்று கேட்கலாம். விழுங்கும். ஆனால் சேமித்து மூடிவிட்டு எழுந்தால், அடுத்த வாரம் திறக்கும்போது ஒரு கப்பலும் குறைந்திருக்காது.

ஆகவே தொடங்குபவரும், வாங்கித்தரும் பெற்றோரும் கடையில் படங்களின் அழகைப் பார்ப்பதற்கு முன் நான்கு விஷயங்களைச் சோதியுங்கள். ஆட்டத்தை நிறுத்த முடியுமா? சேமித்து மூட முடியுமா? மூடியிருக்கும்போது யாரும் தாக்க முடியுமா? காத்திருப்பைக் குறைக்கக் காசு கேட்கிறதா? கடைசி இரண்டுக்கும் விடை ‘ஆம்’ என்றால் ஒதுங்கிவிடுங்கள். நண்பர்கள் எல்லாரும் அங்கேதான் என்று ஏற்கெனவே இறங்கிவிட்டவர், அமைப்புகள் பக்கத்தில் விடுமுறை நிலை என்ற வசதி இருக்கிறதா என்று முதல் நாளே தேடிவையுங்கள். ஓகேமில் அது உண்டு. போட்டால் குறைந்தது 48 மணி நேரம் நீடிக்கும், சுரங்கங்கள் ஓடாது, யாரும் உங்களைத் தாக்கவும் முடியாது. ஆனால் படைகள் எல்லாம் தரையிறங்கிய பிறகுதான் அதைப் போட முடியும். எனவே தேர்வுக்கு முந்தின வாரம் என்றால், நெடுந்தூரப் பயணங்களை அதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.