அரளியைத் தின்று வளரும் விட்டில்

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்திறங்கும் ஆடுகள் வேலியோரத்தில் எதைக் கண்டாலும் மேயும். அரளியில் மட்டும் வாய் வைக்காது. இலை, பட்டை, பூ, பால் எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். வறட்சியைத் தாங்கும், கால்நடை கடிக்காது, எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை மறைக்கும் என்பதால்தான் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அரளியை நடுகிறார்கள்.

அந்த அரளிதான் அரளிப் பருந்து விட்டிலின் புழுவுக்குச் சாப்பாடு. நந்தியாவட்டையையும் தின்னும். 1758-லேயே லின்னேயஸ் இந்த இனத்தை விவரித்துவிட்டார்.

புழுவைத் தேட வேண்டுமானால் முதலில் தரையைப் பாருங்கள். செடியடியில் மிளகு மிளகாகக் கறுப்பு எச்சம் கிடந்தால் நேர் மேலே இருக்கும். முற்றிய புழு ஆள்காட்டி விரல் நீளம் வரும். பச்சை உடல், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, வாலில் சிறு கொம்பு. தொட்டால் தலையை உள்ளிழுத்துக் குனிந்துகொள்ளும். தலைக்குப் பின்னாலுள்ள இரண்டு நீலப் பொட்டுகள் கண்கள்போல விரிந்து முறைக்கும். பறவையை மிரட்ட அது போதும். இந்தப் பொய்க்கண்களுக்கு நாம் அஞ்ச வேண்டாம், சுணையும் கிடையாது, அரிக்காது.

நஞ்சு இதை ஏன் கொல்லவில்லை? அரளி நஞ்சு உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றும் புரதத்தை முடக்குவது. இந்தப் புழுவின் நரம்பு மண்டலத்தைச் சுற்றியுள்ள உறை அந்த நஞ்சை உள்ளே விடுவதில்லை என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது.

கூட்டுப்புழுவாகும் நேரம் நெருங்கினால் பச்சை மாறி முதுகு கருக்கும். செடியைவிட்டு இறங்கி, சருகுகளை இழையால் பிணைத்து அதற்குள் அடங்கும். சருகைக் கூட்டி எரித்தால் அதுவும் சேர்ந்து எரிந்துபோகும்.

வெளிவரும் விட்டிலின் அழகே அழகு! விரித்த சிறகு பத்து சென்டிமீட்டர் அளவு இருக்கும். பட்டாளத்துக்காரர் சீருடைபோலப் பச்சையில் திட்டுத்திட்டாக வெள்ளையும் இளஞ்சிவப்பும். பகலில் இலைகளுக்கிடையே இருந்தால் கண்ணில் படாது. பொழுது சாய்ந்ததும் மல்லிகை போன்ற மணமுள்ள பூக்களின் முன் அந்தரத்தில் நின்று, நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழும் இது கோடையில் கடல் தாண்டி ஐரோப்பாவரை பறந்து செல்வதுண்டு.

வீட்டு அரளியில் இரண்டு மூன்று புழுக்களைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள். மொட்டையான கிளை சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும்.